86 எப்போது 98 ஆகும்? வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்களுக்கு

அம்மாவுக்கு வீட்டில் ஆக்ஸிஜன் வைக்க ஆரம்பித்து மூன்றாவது வாரம். நடுராத்திரி இரண்டு மணி இருக்கும், மூச்சு வாங்குதுப்பா என்று எழுப்பினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரைத் தூக்கக் கலக்கத்தில் அவர் விரலில் மாட்டிவிட்டு, கட்டிலுக்கு எதிரே நின்று எட்டிப் பார்த்தேன். 98. நாடித்துடிப்பு 101. "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு, படு" என்றேன். அவர் படுக்கவில்லை. தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்தே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அது 98 இல்லை, 86. எதிரே நின்றதால் தலைகீழாகப் படித்திருக்கிறேன். 101ஐத் தலைகீழாகப் பார்த்தாலும் 101தான், அதனால் அதுவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த குழாயை இழுத்து நேராக்கினேன், மெல்ல மெல்ல 90க்கு வந்தது.

அடுத்த முறை நுரையீரல் டாக்டரிடம் போனபோது இதைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நிஜமாவே 98 காட்டியிருந்தாலும் நீங்க படுங்கன்னு சொல்லியிருக்கக் கூடாது. ஆக்ஸிஜன் போய்க்கிட்டு இருக்கும்போது உங்க அம்மாவுக்கு 98 வந்தா, அதுவும் எங்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்தான்" என்றார்.

நான் டாக்டர் இல்லை. நாலு வருஷமாக ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரியில் செய்த இரண்டு தப்பிலிருந்தே இதை எழுதுகிறேன்: எண்ணைத் தப்பாகப் படித்தது ஒன்று, எண்ணை நம்பி ஆளைப் பார்க்காமல் விட்டது இன்னொன்று.

முதலில், எவ்வளவு என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும்

ஆக்ஸிஜன் காற்றுதானே, கூடக் கொடுத்தால் என்ன என்று எல்லாரும் நினைப்பார்கள், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கட்டாயம் நினைப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் வைத்தால் உள்ளே போவது சுமார் 24 சதவீதமாகிறது, 2 லிட்டர் வைத்தால் 28. அந்த 21க்குமேல் இருப்பது மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு.

அம்மாவுக்கு இருப்பது சிஓபிடி, மூச்சுக்குழாய்கள் குறுகி நாள்பட்டு இருக்கும் நுரையீரல் நோய். பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை, முப்பது வருஷம் விறகடுப்பை ஊதியதில் வந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரைதான் இலக்கு. வேறு நுரையீரல் பிரச்சினைக்காக ஆக்ஸிஜன் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 94 முதல் 98 என்று வைப்பார்கள். ஏன் இந்த வித்தியாசம்? சிஓபிடி வந்த நுரையீரலில் காற்று சரியாகப் போகாத மூலைகள் நிறைய இருக்கும். உடம்பு கெட்டிக்காரத்தனமாக அந்த மூலைகளுக்கு ரத்தத்தைக் குறைத்து, நன்றாக வேலை செய்யும் பகுதிக்குத் திருப்பி விட்டிருக்கும். நாம் ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்த ஏற்பாடு கலைந்துவிடுகிறது, அதோடு மூச்சும் மந்தமாகிறது, வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு உள்ளேயே தேங்குகிறது. அப்போது ஆக்ஸிமீட்டர் அழகாக 97 காட்டும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தானாகத் துள்ளித் துள்ளி விழுவது, இதெல்லாம் அதன் அடையாளங்கள். ஆக்ஸிமீட்டர் கார்பன் டை ஆக்ஸைடை அளக்காது, அதற்கு மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜி பரிசோதனைதான் வழி.

அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் வெறுமனே "வீட்டில் ஆக்ஸிஜன்" என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே நின்று கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, தூங்கும்போது எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் கையெழுத்தில் வேண்டும்.

மணி நேரம் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் வைத்துக்கொள்வது, சீரியல் பார்க்கும்போது ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது என்று. ரத்தத்தில் நிரந்தரமாக ஆக்ஸிஜன் குறைந்துபோன சிஓபிடிக்காரர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் வேண்டும், தூங்கும் நேரத்தையும் சேர்த்து. 1981இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றில் மொத்தம் 87 பேர்தான். தினமும் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் எடுத்த 42 பேரில் ஐந்தாண்டுக்குள் 19 பேர் இறந்தார்கள், எடுக்காத 45 பேரில் 30 பேர். அம்மா "இந்தக் கயிற்றைக் கட்டிக்கிட்டே இருக்கணுமா" என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் இந்தக் கணக்கை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், அவரிடம் சொன்னதில்லை.

ஆக்ஸிமீட்டர்

இந்தக் கருவியின் அடிப்படை 1974இல் ஜப்பானில் டகுவோ அயோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. அவர் இறந்தது 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த நேரத்தில். விரலின் ஒரு பக்கம் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாயும், மறுபக்கம் எவ்வளவு வந்து சேருகிறது என்று பார்த்து, ரத்தம் எவ்வளவு ஆக்ஸிஜன் சுமக்கிறது என்று கணக்குப் போடும். ஒளியை வைத்துப் போடும் கணக்கு என்பதால், ஒளியைக் கெடுக்கும் எதுவும் எண்ணைக் கெடுக்கும். நகப்பூச்சு, நன்றாகச் சிவந்த மருதாணி, சில்லிட்ட விரல், விரல் நடுக்கம், ஜன்னல் வழியே நேராக அடிக்கும் வெயில், எல்லாமே.

பார்க்கும் முறை இதுதான். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள், பாத்ரூமிலிருந்து வந்தவுடன் மாட்டாதீர்கள் (அதைத் தனியாகப் பார்ப்பது வேறு விஷயம், கீழே வருகிறேன்). கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, முழுசாக உள்ளே போக வேண்டும். கையை நெஞ்சு உயரத்தில் ஒரு தலையணைமேல் வைக்கட்டும். மாட்டியதும் வரும் முதல் எண்ணை எழுதாதீர்கள். துடிப்புக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கி, எண் குறைந்தது அரை நிமிடம் நிலையாக நின்ற பிறகு எழுதுங்கள். திரையில் இரண்டு எண் இருக்கும், எஸ்பிஓ2 என்பது ஆக்ஸிஜன், பிஆர் என்பது நாடித்துடிப்பு. இதை மாற்றிப் படித்து, 88 துடிப்பைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அப்புறம் தலைகீழ் பிரச்சினை. சில மாடல்களில் பட்டனை அழுத்தினால் திரை திரும்பும், எங்களுடையதில் அது இல்லை. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, திரையை நேராகப் பிடிக்கும்போது மேலே வரும் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். பொட்டு மேலே இருந்தால்தான் படிக்க வேண்டும். நாலு வருஷத்தில் மூன்று பொட்டு மாற்றியாகிவிட்டது, எண்ணை மறுபடி தலைகீழாகப் படிக்கவில்லை.

இந்தக் கருவி 2 சதவீதம் முன்பின்னாகக் காட்டுவது சகஜம். அதனால் 91, 90, 91 என்று ஆடுவதைப் பார்த்துப் பதறாதீர்கள், நேற்றைக்கும் இன்றைக்கும் எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். இன்னொன்று, நம் ஊரில் யாரும் அதிகம் பேசாதது: தோல் கறுப்பாக இருந்தால் ஆக்ஸிமீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்பு உண்டு. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய சமயத்தில் ரத்தத்தில் எடுத்துப் பார்த்தால் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம். அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் கறுத்த தோலுள்ள ஒருவருக்கு உதடு நிறம் மாறி, பேச முடியாமல் மூச்சு வாங்கும்போது, கருவி 94 காட்டுகிறது என்று சும்மா உட்கார்ந்திருப்பது தப்பு. அறைக்குள் கரியடுப்பு புகையில் இருந்தவருக்கும் கருவி பொய் சொல்லும், கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே அது படிக்கும். செல்போன் கேமராவில் விரலை வைத்து அளக்கும் ஆப்களை இதற்கு நம்பாதீர்கள்.

காலையில் எழுந்ததும், சாயங்காலம், அப்புறம் பாத்ரூம் வரை நடந்து வந்த உடனே ஒரு தடவை. எங்கள் நோட்டில் இந்த மூன்றுதான், பக்கத்தில் எத்தனை லிட்டரில் இருந்தார் என்றும் எழுதுவோம். லிட்டரை எழுதாத எண்ணால் டாக்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள், பார்க்கிறவருக்கும் பதற்றம், மாட்டிக்கொள்கிறவருக்கும் பதற்றம், பதற்றத்தில் மூச்சு இன்னும் வாங்கும். மூச்சு வாங்குவது எல்லாம் ஆக்ஸிஜன் குறைவால் என்றும் இல்லை. எண் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் லிட்டரை ஏற்றாமல், முன்பக்கம் சாய்ந்து உட்கார வைத்து, சின்ன டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்து, விளக்கை ஊதி அணைப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பாதி நேரம் இதுவே போதும். அதற்கும் அடங்கவில்லை என்றால், எண் என்ன சொன்னாலும் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.

மெஷின்

கான்சென்ட்ரேட்டர் ஆக்ஸிஜனைத் தயாரிப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற துகள்களில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தருகிறது. சுமார் 90 முதல் 95 சதவீதம் சுத்தத்தில். போட்டவுடனே இந்தச் சுத்தம் வராது, சில நிமிடம் ஓட வேண்டும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம், தாளிப்புப் புகையை இழுத்தால் ஃபில்டர் பிசுபிசுத்துப் போகும். வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது, அதனால் மெஷினை மாதக்கணக்கில் மூடி வைக்காமல் அவ்வப்போது ஓட விடுங்கள். வாடகைக்கு எடுத்தால், கொண்டுவந்து இறக்கும்போதே சுத்தம் அளக்கும் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் வந்த மெஷின் சத்தம் மட்டும் பிரமாதமாகப் போட்டது, அளந்தால் 70ஐத் தாண்டவில்லை.

லிட்டர் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு குட்டி உருண்டை மிதக்கும். அதைக் கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள், கோடு உருண்டையின் நடுவில் போக வேண்டும். ஆக்ஸிஜனை ஈரமாக்க மெஷினில் மாட்டும் தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தினமும் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றுங்கள். கேன் தண்ணீரும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குறைந்த லிட்டரில் பலருக்கு இந்தப் பாட்டிலே தேவைப்படாது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு வேலை மிச்சம்.

மூக்குக் குழாயின் இரண்டு முனையும் கீழ்நோக்கி வளைந்து மூக்குக்குள் போக வேண்டும். காற்று வருகிறதா என்று சந்தேகம் வந்தால் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள், குமிழி வந்தால் வருகிறது. துடைத்துவிட்டு மாட்டுங்கள். குமிழி இல்லையா, குழாய் மடங்கியிருக்கிறதா, பாட்டில் மூடி மரை மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் எட்டு தடவை மூடிதான். மூக்குக் குழாய்க்குப் பதில் முகத்தில் மாட்டும் சாதாரண மாஸ்க்கை 2 லிட்டரில் போடாதீர்கள். அதற்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும், இல்லையென்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார்.

கரண்ட் போனால்

5 லிட்டர் மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். தினமும் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 336 யூனிட் கூடும், ஸ்லாப் மாறும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 150 ஏஎச் பேட்டரி ஒன்று வைத்த வீட்டு இன்வெர்ட்டரில் நல்ல நிலையில் மூன்று மணி நேரம் ஓடலாம், அதுவும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, ஃபிரிட்ஜ் அதில் இல்லாமல் இருந்தால். அதனால் ஒரு சிலிண்டர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, போன் செய்யும்போது வீட்டில் ஆக்ஸிஜன் நோயாளி இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதை இருட்டில் கணக்குப் போட முடியாது, முன்னாலேயே போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர், முழுசாக நிரப்பினால் 150 பார் அழுத்தம். இரண்டையும் பெருக்கினால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். மீட்டர் முள் 75இல் நின்றால் அதில் பாதி. ஆளுயர டி டைப்பில் சுமார் 7000 லிட்டர், 2 லிட்டரில் இரண்டு நாளுக்கு மேல் வரும், ஆனால் அதை மாடிக்கு ஏற்றுவது தனிக் கதை. முள் 50க்கு வரும்போதே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். நிற்க வைத்துச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். சாவியால் மெதுவாகத் திறங்கள், ரெகுலேட்டருக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். வெல்டிங் கடை சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

நெருப்பு

ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை எல்லாம் வெறிபிடித்து எரிய வைக்கும். அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கற்பூரம் எல்லாம் பத்தடிக்கு அப்பால். எங்கள் வீட்டில் பூஜை அறை அம்மா படுக்கும் அறையை ஒட்டி இருந்தது, கட்டிலை மாற்றினோம், சாமியை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. சாம்பிராணி அவருடைய நுரையீரலுக்கே ஆகாது, அதை மட்டும் விட்டுவிட்டார், வருத்தத்தோடு. விபூதிக்குத் தடையில்லை. பீடியோடு நலம் விசாரிக்க வரும் மாமாக்களை வாசலிலேயே உட்கார வையுங்கள், மரியாதை குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது.

மெஷின் ஓடாவிட்டாலும் கொஞ்ச நேரம் ஆபத்து இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சேலை, போர்வை, தலைமுடி எல்லாம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருக்கும். குழாயைக் கழற்றி ஓடவிட்டபடி மெத்தையில் போட்டுவிட்டுப் போவது ரொம்பத் தப்பு, மெஷினை அணையுங்கள். காஸ் பற்றவைக்கவோ விளக்கேற்றவோ போகும் முன் இருபது நிமிடமாவது காற்றாட வெளியே உட்காரட்டும். குழாயை மாட்டிக்கொண்டே ஒரு காபி போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் முகம் வெந்துபோகிறது.

எண்ணெயும் அப்படித்தான். மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாஸ்லின், தைலம் தடவாதீர்கள், மெடிக்கலில் தண்ணீர் சார்ந்த ஜெல் என்று கேட்டு வாங்குங்கள். ரெகுலேட்டர் மரை இறுகியிருக்கிறது என்று ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், அந்த அழுத்தத்தில் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். சானிடைசர் போட்ட கை நன்றாகக் காய்ந்த பிறகே குழாயைத் தொடுங்கள். 2021இல் கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, ஏறாது. ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்தில் கற்பூர முடிச்சு என்பது எனக்கு நினைத்தாலே பதறுகிறது.

எப்போது 108

உட்கார்ந்திருக்கும்போதே எண் டாக்டர் எழுதிய கீழ் எல்லைக்கும் கீழே போய், குழாய், மூடி, விரல் எல்லாம் சரிபார்த்தும் பத்து நிமிடத்தில் ஏறவில்லை என்றால். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலித்தால், எழுப்பினால் எழுந்திருக்காமல் தூக்கத்திலேயே இருந்தால், இதற்கெல்லாம் எண்ணைப் பார்த்துக்கொண்டோ பத்து நிமிடம் காத்துக்கொண்டோ இருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். சளி நிறம் மாறுவது, கால் வீங்குவது, நோட்டில் மூன்று நாளாக எண் இறங்கிக்கொண்டே வருவது, இதற்கு அன்றைக்கே டாக்டருக்குப் போன். லிட்டரை நீங்களாகத் திருகி ஏற்றிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். அவசரத்தில் அவர்கள் பெரிய மாஸ்க்கைப் போட்டு 10 லிட்டரில் வைக்க வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்கு அது உயிர் காக்கும், எங்கள் அம்மா போன்றவர்களுக்கு வழியிலேயே மயக்கத்தைக் கொண்டுவரலாம். "சிஓபிடி, 2 லிட்டர், இலக்கு 88–92" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றை லாமினேட் செய்து சிலிண்டர் சாவியோடு கோத்து மாட்டி வைத்திருக்கிறோம். போன வருஷம் ஆம்புலன்ஸில் வந்த தம்பி அதைப் படித்துவிட்டு, கையில் எடுத்த மாஸ்க்கைத் திரும்ப உறைக்குள் வைத்தார்.